படகு, கல், மணல், பெட்டி: சென்னைத் துறைமுகத் தொழில்நுட்பமும் வடசென்னையின் உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இயற்கைத் துறைமுகம் இல்லாத ஒரு கரையில் பொறியியல் வல்லமையால் உருவாக்கப்பட்ட செயற்கைத் துறைமுகம் என்பதே சென்னைத் துறைமுகம் பற்றிய வழக்கமான வரலாறு. அலையைக் கடக்கும் பணி 17ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை யார் கைகளில் இருந்தது, ஒவ்வொரு தொழில்நுட்ப மாற்றத்தின்போதும் அதன் சுமை எங்கு நகர்ந்தது என்ற கேள்விகளை முன்வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கிறது. தைத்த படகு, இரும்புத் துறைமேடை, அலைத்தடுப்புச் சுவர், சரக்குப் பெட்டகம் ஆகிய நான்கு தொழில்நுட்பங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. துறைமுகம் அலையின் சிக்கலை முற்றிலும் தீர்த்துவிடவில்லை. அதனை வடக்கு நோக்கி, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளுக்கு இடம்பெயர்த்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொழில்நுட்ப வரலாறு, சென்னைத் துறைமுகம், மசூலாப் படகு, அலைத்தடுப்புச் சுவர், கடலரிப்பு, சரக்குப் பெட்டகம், உழைப்பு.

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு நெடுங்காலம் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. எந்தக் கருவியை யார், எந்த ஆண்டு, எங்கு முதலில் செய்தார் என்பதே அதன் முதன்மைக் கேள்வி. பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்னும் நூலில் இந்த அணுகுமுறையைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு காலத்தில் மக்கள் உண்மையில் எவற்றைப் பயன்படுத்தினர், எவற்றைப் பழுதுபார்த்துப் பேணினர் என்பதிலிருந்து வரலாறு தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். புதியது வந்தவுடன் பழையது மறைந்துவிடுவதில்லை. இரண்டும் பல பத்தாண்டுகள் அருகருகே இயங்குகின்றன.

இந்த அணுகுமுறை சென்னைக்கு நன்கு பொருந்தும். ஒருபுறம் நீராவிக் கப்பலும் இருப்புப் பாதையும், மறுபுறம் ஓர் ஆணிகூட இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்ட படகும் ஒரே கரையில், ஒரே சரக்கை, ஒரே நாளில் கையாண்டன. இவற்றுள் ஒன்றை நவீனம் என்றும் மற்றொன்றை எச்சம் என்றும் பிரித்தால், அன்றைய துறை எவ்வாறு இயங்கியது என்பது புலப்படாமல் போய்விடும்.

2. கரையலையும் தைத்த படகும்

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கரையில் இடம்பெற்றபோது அது கப்பல்களுக்குப் பாதுகாப்பான இடமாக இல்லை. ஆறும் முகத்துவாரமும் இருந்தன. கப்பல் நுழையும் ஆழம் இல்லை. திறந்த கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே அடுக்கடுக்காய் அலைகள் உடைந்தன. ஐரோப்பியக் கப்பல்களின் படகுகள் அந்த அலையில் தரைதட்டிப் பிளந்தன. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சென்னையின் கடல் வணிகம் முழுவதையும் கரைக்கும் கப்பலுக்கும் இடையே கடத்தியது மசூலாப் படகுதான். புதுச்சேரிப் பகுதியில் இது சலங்கு எனப்பட்டது.

இப்படகின் அமைப்பை ஜான் எடி 1834இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்துள்ளார். ஏறத்தாழ 30 முதல் 35 அடி நீளமும் ஆழ்ந்த வயிறும் உடையது அது. பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டன. இணைப்புகளில் நாரும் வைக்கோலும் வைத்து இறுக்கப்பட்டன. உள்ளே விறைப்பான விலாச்சட்டங்கள் இல்லை. ஆகவே அலை மோதும்போது படகு உடையாமல் நெளிந்து கொடுத்தது. அடிப்பகுதி தட்டையாக இருந்ததால் மணலில் அறைந்து நின்றாலும் கவிழவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்கள் குறித்த தம் 1920ஆம் ஆண்டு ஆய்வில் தைத்த படகுகளுக்குத் தனி இடம் அளித்தார்.

வடிவம் மட்டும் இப்படகை இயக்கிவிடவில்லை. பின்முனையில் நின்ற தண்டல் அலைகளின் வரிசையை எண்ணிக் காத்திருப்பார். ஏற்ற இடைவெளி கிடைத்ததும் அவர் குரல் கொடுக்க, துடுப்புக்காரர்கள் ஒரே மூச்சில் வலிப்பர். ஓர் அலை முந்தியோ பிந்தியோ போனால் உயிரும் சரக்கும் இழப்பாகும். படகு கவிழ்ந்தால் மீட்பதற்குக் கட்டுமரங்கள் உடன் சென்றன. மசூலாப் படகும் இறங்க அஞ்சும் நாள்களில் கடிதங்களை நீர்புகாத தொப்பிகளில் வைத்துக் கப்பலுக்குக் கொண்டு சென்றவர்களும் கட்டுமரக்காரர்களே. நீரோட்டத்தை வன்னி, தெண்டி என்றும் காற்றை வாடை, கச்சான், கொண்டல் என்றும் பெயரிட்டு அறியும் இக்கரையின் கடலறிவே அந்தத் தொழில்நுட்பத்தின் பாதி.

படகோட்டிகளின்றித் துறை இல்லை என்பதைக் கம்பெனி நன்கு உணர்ந்திருந்தது. கூலி விகிதத்தை விதித்ததும் அவர்களைத் தன் கண்காணிப்பில் வைத்திருக்க முயன்றதும் அதனால்தான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சென்னையின் உழைப்பு உறவுகளை ஆராய்ந்த ரவி அஹுஜா, காலனிய அரசு உழைப்பைக் கட்டுப்படுத்த முயன்ற விதத்தையும் உழைப்பாளர்கள் அதற்குக் காட்டிய எதிர்ப்பையும் விரிவாகப் பேசுகிறார். இராயபுரத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த புனித இராயப்பர் தேவாலயம் படகுத் தொழில் செய்த கிறித்தவச் சமூகத்தாரின் முயற்சியால் உருவானது. ஊர்ப் பெயரே இராயப்பர் என்னும் பேதுருவின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. கடல்துறைக் கூலியில் வாழ்ந்தோர் கல்லில் விட்டுச்சென்ற சான்று அது.

3. இருப்புப் பாதையும் இரும்புத் துறைமேடையும்

தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கித் திறக்கப்பட்டது. நிலையத்துக்கு இராயபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டதில் கடற்கரையும் வணிகப் பகுதியும் அருகில் இருந்தமைக்குப் பங்குண்டு. இதனால் ஒரு முரண் தோன்றியது. உள்நாட்டிலிருந்து பருத்தியும் அவுரியும் தோலும் கரைக்கு விரைந்து வந்தன. கரையிலிருந்து கப்பலுக்கு அவை பழைய வேகத்திலேயே சென்றன. ஒரு கண்ணியில் ஏற்பட்ட வேகம் அடுத்த கண்ணியின் மெதுவை வெளிக்காட்டியது. படகோட்டிகள் பற்றிய வணிகர்களின் முறையீடுகளை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

1861இல் பயன்பாட்டுக்கு வந்த இரும்புத் துறைமேடை இதற்கான முதல் விடை. கடற்படுகையில் திருகி இறக்கப்பட்ட இரும்புத் தூண்களின்மீது அது 1,000 அடிக்கும் மேலாகக் கடலுக்குள் நீண்டது. அலை உடையும் பகுதியைத் தாண்டி நின்று சரக்கை இறக்கலாம் என்பதே திட்டம். ஆனால் கடல் எழுச்சி காரணமாகப் பெருங்கப்பல்கள் மேடையை அணைய இயலவில்லை. கப்பலிலிருந்து மேடைக்குச் சரக்கைக் கொண்டுவரப் படகே தேவைப்பட்டது. புயல்களில் மேடையும் சேதமுற்றது. இரும்பு வந்தபின்னும் தைத்த பலகை விடைபெறவில்லை.

1876 - 78 பெரும் பஞ்சத்தின்போது இக்கூட்டமைப்பின் உண்மை உருவம் வெளிப்பட்டது. கப்பல்களில் வந்த தானியம் சென்னைக் கரையில் இறங்கி, இருப்புப் பாதை வழியே உள்மாவட்டங்களுக்குச் சென்றது. துறைமுகக் கட்டுமானம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. எனவே வங்காளத்திலும் பர்மாவிலும் ஏற்றப்பட்ட மூட்டைக்கும் இராயபுரம் வழியே செல்லும் வண்டிக்கும் இடையே இருந்த கண்ணி படகோட்டியும் சுமைக்கூலியுமே எனக் கொள்வது பொருந்தும். பஞ்ச வரலாற்றில் அரசின் தானியக் கொள்கை மிகுதியும் விவாதிக்கப்பட்டுள்ளது. மூட்டையைக் கரையேற்றிய கைகள் இன்னும் அந்த வரலாற்றுக்குள் நுழையவில்லை.

4. அலைத்தடுப்புச் சுவர்

வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டத்தின்படி கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு சுவர்கள் நீண்டு, முனையில் ஒன்றை ஒன்று நோக்கி வளைந்து, கிழக்கில் ஒரு வாயிலை மட்டும் விட்டு ஒரு நீர்ப்பரப்பை வளைத்துக்கொள்ளும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1876இல் பணி தொடங்கியது. கற்குவியல் அடித்தளத்தின்மீது பெரும் கான்கிரீட் கட்டிகள் பாரந்தூக்கிகளால் அடுக்கப்பட்டன. பணி நிறைவை நெருங்கிய வேளையில், 1881 நவம்பர் 12ஆம் நாள் வீசிய புயல் சுவர்களின் பெரும்பகுதியைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆயிற்று.

கட்டி முடிந்த பின்னும் துறைமுகம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கிழக்கு வாயில் வழியே கடல் எழுச்சி உள்ளே புகுந்தது. வாயிலை மணல் நெருங்கியது. 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புது வாயில் திறக்கப்பட்டது. கப்பல்கள் நேரடியாக அணையும் தளங்களும் கிடங்குகளும் அமைந்தன. இன்று நாம் காணும் துறைமுகத்தின் அடிப்படை வடிவம் அப்போது உருவானது.

கப்பல் தளத்தை அணைந்த நாளில் மசூலாப் படகின் துறைப்பணி முடிவை நெருங்கியது. படகு மீன்பிடிக்கும் பெருவலை இழுப்புக்கும் ஒதுங்கியது. அலையை எண்ணும் திறன் கூலி பெறும் திறனாக இருந்த நிலை மாறியது. அதன் இடத்தில் மூட்டை சுமக்கும் தோளும் கொக்கியைக் கையாளும் கையும் வந்தன. முன்னையது தலைமுறைவழித் தேர்ச்சி. கூலி பேசும்போது அதனை மாற்றீடு செய்வது எளிதன்று. பின்னையதற்கு வாயிலில் காத்திருப்போருள் எவரையும் அன்றாடம் பொறுக்கிக்கொள்ளலாம். தொழில்நுட்ப மாற்றம் உழைப்பின் அளவைக் குறைத்ததைவிட, உழைப்பாளியின் பேரம் பேசும் வலிமையைக் குறைத்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

அந்த இழப்பை ஈடுசெய்ய வேறொரு கருவி தேவைப்பட்டது; அதுவே சங்கம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியது. மீனவச் சமூகத்தில் பிறந்த ம. சிங்காரவேலர் 1923 மே 1ஆம் நாள் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். கூட்டம் நடந்த இரண்டு இடங்களும் கடற்கரைகள், அவற்றுள் ஒன்று துறைமுகத்தை ஒட்டிய உயர் நீதிமன்றக் கடற்கரை. விடுதலைக்குப் பின் 1948இல் இயற்றப்பட்ட கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் அன்றாடப் பொறுக்கலைக் கட்டுப்படுத்திப் பதிவேட்டு முறைக்கு வழிவகுத்தது.

சென்னைத் துறைமுகத்தில் பணிபுரிந்தோருள் உலகம் அறிந்த பெயர் ஒன்று உண்டு. 1912இல் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச இராமானுஜன்தான் அவர். எழுத்துப்பணியில் இருந்தமையால் அவர் வருகை நாளும் ஊதியமும் ஆவணத்தில் உள்ளன. அதே ஆண்டில் தளத்தில் சுமை தூக்கியவருக்கு இத்தகைய நினைவு இல்லை. ஆவணம் யாரை நினைவில் வைக்கிறது என்பதும் தொழில்நுட்ப வரலாற்றின் கேள்வியே.

5. மணலின் கணக்கு

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் திசை மாறினாலும் ஆண்டின் நிகர நகர்வு வடக்கு நோக்கியதே. கரைக்குக் குறுக்கே கட்டப்படும் எந்தச் சுவரும் இந்த ஓட்டத்தின் தடை. தடையின் தெற்கே மணல் சேரும். வடக்கே வரவு நின்று, அலை கரையைத் தின்னும்.

சென்னையில் நிகழ்ந்தது அதுவே. சுவரின் தெற்கே கடல் பின்வாங்கி அகன்ற மணல்வெளி உருவானது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த உலாச்சாலையோடு சேர்ந்து அது மெரினா எனப் புகழ்பெற்றது. சுவரின் வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. ஒரே சுவரின் இருபுறமும் நிகழ்ந்த வரவும் செலவும் இவை. ஆயினும் வரவு நகரத்தின் அழகாகவும், செலவு மீனவக் குப்பங்களின் தலைவிதியாகவும் எழுதப்பட்டன.

இந்த விளைவு பொறியாளர்களுக்குத் தெரியாத ஒன்றன்று. ஆறுகளை வழிகாட்டுக் கரைகளால் கட்டுப்படுத்துவது பற்றி 1903இல் நூல் எழுதிய ஸ்பிரிங், சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய மணல் நகர்வு பற்றியும் கட்டுரை எழுதினார். துறைமுகத்தின் நோக்கில் மணல் வாயிலை அடைக்கும் எதிரி. ஆகவே அளக்கவும் தூர்வாரவும் வேண்டிய பொருள். வடகரையின் நோக்கில் அதே மணல் வீட்டின் அடித்தளம், படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் களம், பெருவலை இழுக்கும் தரை. மணல் போனபோது கரைவலை இழுக்கும் தொழில் போனது; கட்டுமரம் ஏற்ற இடம் போனது. கடலில் மீன் இருந்தும் கரையில் நிற்க இடமில்லாத நிலை ஏற்பட்டது.

பின்னாளில் அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. ஓர் இடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அதன் வடக்கே நகரும். அங்கும் கல் தேவைப்படும். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியே எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையில் கடல் தெரியும் இடமெல்லாம் முன்னே கல்வரிசை தெரிவதன் பொருள் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கட்டுமானம் ஒன்று இன்னும் முடியாமல் வடக்கு நோக்கிக் கட்டப்பட்டுக்கொண்டே செல்கிறது எனலாம். துறைமுகத்தை ஒட்டிக் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தபின் விசைப்படகுகளுக்கு அணையும் இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அது விசைப்படகின் தேவைக்கு ஏற்ற விடை. கரையிலிருந்தே தொழில் செய்த கட்டுமரக்காரர் இழந்த மணலுக்கு ஈடாகாது.

6. பெட்டியும் சாலையும்

1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 பெட்டகங்களை ஏற்றிய கப்பலை அமெரிக்காவின் நியூவர்க் துறையிலிருந்து அனுப்பினார். அந்தப் பெட்டி சென்னைக்கு முறையாக வந்து சேர்ந்தது 1983இல். அவ்வாண்டு டிசம்பரில் துறைமுகத்தில் தனிப் பெட்டக முனையம் தொடங்கப்பட்டது. 2001இல் அது தனியார் இயக்கத்துக்குச் சென்றது.

மூட்டைச் சரக்கின் காலத்தில் ஒரு கப்பலின் அடித்தட்டிலும் தளத்திலும் கிடங்கிலும் குழுக்கள் பணிபுரிந்தன. பெட்டகம் வந்தபின் அக்குழுக்களின் பணியைப் பாரந்தூக்கியும் அதன் இயக்குநரும் மேற்கொண்டனர். எனினும் பெட்டியை நிரப்புதல், பிரித்தல், சுமத்தல் ஆகிய வேலைகள் ஒழியவில்லை; துறைமுக மதிலுக்கு வெளியே சென்றன. திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பகுதிகளின் சரக்குப் பெட்டக நிலையங்களில் அவ்வேலை தொடர்கிறது. மதிலுக்குள் சட்டமும் சங்கமும் பதிவேடும் சேர்ந்து அரை நூற்றாண்டில் பெற்ற காப்பு மதிலுக்கு வெளியே பெருமளவு கிடையாது. நீண்ட இழுவை வண்டிகள் துறைமுக வாயிலுக்காகக் காத்துக் கிடக்கும் சாலையில், ஓட்டுநரின் காத்திருப்பு நேரம் எந்தக் கணக்கில் சேரும் என்பது 18ஆம் நூற்றாண்டில் அலைக்காகக் காத்திருந்த தண்டலின் கேள்வியோடு ஒப்பிடத்தக்கது. ஒரு வேறுபாடு உண்டு: தண்டல் தன் தேர்ச்சியால் காத்திருந்தார், ஓட்டுநர் வேறு வழியின்றிக் காத்திருக்கிறார்.

7. எண்ணூர்: நகர்த்தப்பட்ட சுமை

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரிக்கென எண்ணூரில் அமைந்த துறைமுகம் 2001இல் செயற்பாட்டுக்கு வந்தது. இன்று அது காமராசர் துறைமுகம். சென்னை உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாளுதல் நிறுத்தப்பட்டு அச்சரக்கு எண்ணூருக்கு மாறியது. துறைமுகத்தைச் சூழ்ந்த மக்களின் மூச்சுக்கு அத்தீர்ப்பு நன்மை செய்தது. ஆயினும் தூசு மறையவில்லை. மணலைப் போலவும் பெட்டியைப் போலவும் அதுவும் வடக்கே சென்றது.

2017 சனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதியதில் எரிநெய் கசிந்து கரைசேர்ந்தது. எர்ணாவூர்க் கரையின் கற்களுக்கிடையே, அதாவது அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட அதே கற்களுக்கிடையே, அது தேங்கியது. பெரும் இயந்திரங்கள் அந்த இடுக்குகளில் பயன்படவில்லை. மனிதர்கள் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர்களே படகில் சென்று கைகளால் அள்ளினர். உயர் தொழில்நுட்பத்தின் இறுதிக் கண்ணி கைதான் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. 1850களில் இருப்புப் பாதைக்கும் நீராவிக் கப்பலுக்கும் இடையே நின்றதும் அதே கைதான்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, சென்னைத் துறைமுகத்தில் பழைய தொழில்நுட்பமும் புதியதும் ஒன்றையொன்று சார்ந்தே நீண்டகாலம் இயங்கின. மசூலாப் படகு 19ஆம் நூற்றாண்டு நவீனத்தின் எச்சம் அன்று, அதன் உறுப்பு. இரண்டாவது, ஒவ்வொரு மாற்றமும் உழைப்பை ஒழித்ததைவிட அதனை இடம் மாற்றியது. தேர்ச்சியிலிருந்து தோளுக்கும், பதிவேட்டிலிருந்து மதிலுக்கு வெளியேயும் அது நகர்ந்தது. மூன்றாவது, பொறியியலின் விளைவு கட்டுமானத்தின் எல்லைக்குள் முடிவதில்லை. சுவரின் வடக்கே இழக்கப்பட்ட கரையும் துறைமுகத்தின் செலவுக் கணக்கைச் சேர்ந்தது.

இவ்வரலாற்றை முழுமையாக எழுத, துறைமுகக் கழகத்தின் ஆண்டறிக்கைகளோடு தேவாலயப் பதிவேடுகளையும் சங்கங்களின் துண்டறிக்கைகளையும் மீனவர்களின் நீரோட்ட, காற்று வழக்குச் சொற்களையும் இணைத்து வாசிக்க வேண்டும். கடைசியாகச் சுட்டியவை விரைந்து மறைந்து வருகின்றன. கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்தபின் அச்சொற்களைத் தொழிலில் பயன்படுத்தும் கடைசித் தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். தொழில்நுட்பத்தைப் பயன்பாட்டின் வரலாறாக எழுத விழையும் ஆய்வாளர்க்கு ஆவணக் காப்பகத்தைவிட அவசரமான களம் திருவொற்றியூர்க் குப்பங்களில் உள்ளது.